வாட்ஸ்ஆப் புடவைக் கடையும் வயது மாறிய வாடிக்கையாளரும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, மிதிவண்டியின் பின்னால் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும் தவணைக்காரரைத் தமிழகத்துச் சிற்றூர்களில் அறியாதவர் இல்லை. ஏதாவது ஒரு திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று அட்டையில் குறித்துக்கொண்டு புடவையைக் கொடுத்துவிட்டுப் போவார். கடைவீதி விலையைவிட அவர் சொல்லும் விலை கூடுதல்தான் என்பது வாங்குவோருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள். சாயம் போனாலும் சரிகை பிரிந்தாலும் அடுத்த வாரம் அதே மனிதரை அதே தெருவில் நிறுத்திக் கேட்க முடியும். அந்த உரிமைக்கான கட்டணமே கூடுதல் விலை.

அந்தத் தவணைக்காரரின் வாரிசுகளாகக் கடந்த பத்தாண்டுகளில் உருவானவர்கள்தாம் இணையவழி ஜவுளி மறுவிற்பனையாளர்கள். பெரும்பாலும் இல்லத்தரசிகள். 2015-இல் தில்லி ஐஐடியில் பயின்ற விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் இருவரும் தொடங்கிய மீஷோ நிறுவனம்தான் இவர்களைப் பேரளவில் உருவாக்கியது. ‘என் கடை’ என்னும் பொருள்படும் ஹிந்திச் சொற்றொடரின் சுருக்கமே அதன் பெயர். சூரத்திலும் ஜெய்ப்பூரிலும் இருக்கும் மொத்த வியாபாரிகளின் புடவைப் படங்களைச் செயலியில் வெளியிடுவார்கள். மறுவிற்பனையாளர் அவற்றைத் தம் வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்வார். தமக்குரிய ஆதாயத்தைச் சேர்த்து விலை சொல்வார். நிறுவனம் பொருளை நேரடியாக வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பிவிடும். முதலீடு வேண்டாம், கடை வாடகை வேண்டாம், கைச்சரக்கு வேண்டாம். கைப்பேசியும் நூறு பேரின் அறிமுகமும் போதும். 2019-இல் ஃபேஸ்புக் நிறுவனமே இதில் முதலீடு செய்தது.

சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கும் விலைபோகாமல் சந்தையே சுருங்கிவிடும் என்று 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். பின்னாளில் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். கைப்பேசித் திரையில் மட்டும் கண்ட புடவையை நம்பி வாங்கத் தயங்கிய சிறுநகரத்துப் பெண்ணின் நிலையும் அதுவே. எதிர்வீட்டுப் பெண் ‘நானே வாங்கிக் கட்டிப் பார்த்தேன், துணி நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதும் தயக்கம் தீர்ந்தது. மறுவிற்பனையாளர் உண்மையில் விற்றது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இன்று அந்த வாக்கியத்துக்கு விலை குறைந்துவிட்டது. மீஷோ 2021 வாக்கில் நேரடி நுகர்வோரை நோக்கித் திரும்பியது. விற்பனையாளர்களிடம் தரகு வாங்குவதில்லை என்று அறிவித்து, போக்குவரத்துக் கட்டணத்திலும் விளம்பரத்திலும் வருவாய் ஈட்டும் முறைக்கு மாறியது. 2025 டிசம்பரில் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. இதே துறையில் இருந்த குளோரோடு நிறுவனத்தை 2022-இல் அமேசான் வாங்கியது. ஏணியாக இருந்த பெண்கள் ஏணியாகவே நின்றுவிட்டனர். வாங்கும் பெண்ணே செயலியைத் திறக்கிறார். 520 ரூபாய்க்குத் தமக்குச் சொல்லப்பட்ட புடவை அங்கே 440 ரூபாய்க்குக் கிடப்பதைப் பார்க்கிறார். பொருளின் விலை மட்டுமன்றி, அக்காள் முறை கொண்டாடிப் பழகியவர் வைத்த ஆதாயமும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ‘செயலிகள் எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டன’ என்று மறுவிற்பனைப் பெண்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். செயலி மாறிய அதே காலத்தில் வாங்குவோரின் கூட்டமும் மாறிவிட்டது. யார் போனார்கள், யார் மிஞ்சினார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் பழைய குழுவில் பழைய படங்களையே அனுப்பிக்கொண்டிருப்பதுதான் தொழில் தேய்வதற்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து.

போனவர்கள் யாரென்பது எளிதில் தெரியும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் அகில இந்திய அளவில் 33.3 விழுக்காடு; தமிழகத்தில் 46.9 விழுக்காடு. அதன்பின் ஆண்டுகள் சில கடந்துவிட்டன. இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள பெண் தாமே தேடுகிறார், தாமே பணம் செலுத்துகிறார், பிடிக்காவிட்டால் தாமே திருப்பி அனுப்புகிறார். அவருக்கு இடையில் ஒருவர் தேவையில்லை. அவரைத் திரும்ப அழைக்க விலையைக் குறைப்பது, தோற்பது உறுதியான பந்தயம்.

மிஞ்சியிருப்பவர்களைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

தமிழகத்தின் மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடாக உயர்வர் என்று தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2020-இல் மதிப்பிட்டது. கேரளத்தை அடுத்து முதுமை விரைந்து கூடும் மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. ஆனால் இணையத்தில் ஆடை விற்கும் படங்களைப் பாருங்கள்: இருபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முகம் ஒன்றைக் காண்பது அரிது. தோள்பட்டை இறுகிக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத மூதாட்டிக்கு முன்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கை வேண்டும். இரவில் கழிப்பறைக்கு எழும்போது காலில் தடுக்காத உயரத்தில் நைட்டி வேண்டும். தலைவழியாக மாட்டாமல் முன்னால் திறப்பதாகவும், கைப்பேசியும் மாத்திரையும் வைக்க ஒரு பை உள்ளதாகவும் இருந்தால் நலம். எடை குறைந்த, கஞ்சி போடாத, துவைத்தால் விரைவில் உலரும் பருத்திப் புடவை வேண்டும். இடுப்பில் நிற்காத வேட்டியுடன் போராடும் முதியவருக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி வேண்டும். இவை அனைத்தும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் தேவைப்படுபவருக்கு அவற்றின் பெயர் சொல்லித் தேடத் தெரியாது. தேடத் தெரிந்த மகனோ மகளோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்; பணம் அனுப்ப அவருக்கு ஒரு நிமிடம் போதும், அம்மாவின் தோள் அளவுதான் தெரியாது.

இங்கே பணம் செலுத்துபவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் ஒருவர், உடுத்துபவர் ஒருவர். செயலியின் கணக்குகள் மூவரையும் ஒருவராகவே கொள்கின்றன. மகன் அம்மாவுக்கு ஒரு நைட்டி வாங்கிவிட்டால், அடுத்த மாதம் முழுவதும் மகனுக்கு நைட்டி விளம்பரம் வந்துகொண்டிருக்கும். அதே தெருவில் இருந்துகொண்டு, அந்த அம்மாவை நேரில் பார்த்து, அளவெடுத்து, படத்தை மகனுக்கு அனுப்பி ஒப்புதல் பெற்று, துணி வந்தபின் ஒருமுறை உடுத்திப் பார்க்கச் சொல்லும் பெண்ணின் உழைப்புக்கு மகன் நூறு ரூபாய் கூடுதலாகத் தரத் தயங்கமாட்டார். தவணைக்காரருக்கு அன்று கொடுக்கப்பட்ட கூடுதல் விலையின் இன்றைய வடிவம் இது.

அடுத்தது உடல் அளவு. இதை எழுதுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஆயினும் புள்ளிவிவரத்துக்குக் கூச்சமில்லை. தமிழகப் பெண்களில் உடல் எடை மிகுந்தோர் நான்காவது குடும்பநல ஆய்வில் 30.9 விழுக்காடு, ஐந்தாவது ஆய்வில் 40.4 விழுக்காடு. அகில இந்திய அளவு 24 விழுக்காடுதான். அதாவது, நம் பெண்களில் ஐவரில் இருவருக்கு வடநாட்டு நகரங்களில் ‘எம்’, ‘எல்’ என்று தைக்கப்பட்டு வரும் குர்தி பொருந்துவது ஐயம். நமக்கென்று ஒரு சீரான ஆடை அளவு முறையே நெடுங்காலம் இல்லாததால், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் ஆறு நகரங்களில் 25,000 பேரின் உடலை அளக்கும் திட்டத்தை மேற்கொண்டது. நடைமுறையில் இன்றும் சூரத்து வியாபாரியின் ‘எக்ஸ்எல்’ வேறு. வெளிநாட்டு அளவில் தைக்கப்பட்டுத் திருப்பூர் காதர்பேட்டைக்கு வரும் ஏற்றுமதி மிச்சச் சரக்கின் ‘எக்ஸ்எல்’ வேறு.

புடவைக்கு அளவில்லை என்று நினைப்பதும் ஆண்களின் அறியாமை. என் மனைவி சொல்லித்தான் நானே அறிந்தேன். ஐந்தரை மீட்டர் புடவை பருத்த உடலுக்குக் கொசுவம் குறைவாகவே வரும். அதனுடன் இணைந்து வரும் 80 செ.மீ. ரவிக்கைத் துணி பெரிய அளவுக்குப் பற்றாது. முழங்கைவரை கை வைத்துத் தைக்க ஒரு மீட்டராவது வேண்டும். ஆகவே புடவை பிடித்திருந்தும் ரவிக்கைக்காக அதைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. பொருத்தமான வண்ணத்தில் ஒரு மீட்டர் துணியைச் சேர்த்துக் கொடுத்து, தெரிந்த தையற்காரரிடம் தைத்தும் தருபவர் மறுவிற்பனையாளர் என்ற பெயரைக் கடந்துவிடுகிறார். அவரிடம் வாங்கும் பொருளுக்குச் செயலியில் ஒப்பிட்டுப் பார்க்க விலையே கிடையாது.

அளவு பொருந்தாமை வெறும் மனக்குறை அன்று. அது நேரடி நட்டம். தாமே கொள்முதல் செய்து கூரியரில் அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குர்தி ஒன்றுக்கு 70 ரூபாய் ஆதாயம் வைத்துப் பத்து அனுப்புகிறார். மூன்று திரும்பி வருகின்றன. போகவர அனுப்புச் செலவு ஒன்றுக்கு 90 ரூபாய். ஏழு குர்தியில் 490 ரூபாய் ஆதாயம். அதில் 270 ரூபாய் அனுப்புச் செலவில் போய், மிச்சம் 220. ஆதாயத்தைப் பத்து ரூபாய் உயர்த்தினால் கிடைப்பது 290. உயர்த்தாமல், அனுப்பும் முன் மார்பளவும் தோளளவும் கேட்டு, திரும்புவதை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் கிடைப்பது 540. ஆடை வணிகத்தில் ஆதாயம் விலையில் இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அளவு நாடாவில் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் கூட்டம் வேறு வகையானது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழகத்தில்தான் இருக்கின்றனர் என்பதைத் தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு காட்டுகிறது. ஓசூர், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தம் கையில் சம்பளம் வாங்கும் முதல் தலைமுறையினர். இவர்களுக்குச் செயலி தெரியும். ஆனால் பார்சல் வரும் நேரத்தில் வேலைமுறையில் இருப்பார்கள். பணம் சம்பளத் தேதியில்தான் இருக்கும். உடுப்பு வேலைக்குத் தோதாக இருக்க வேண்டும்; ஊருக்குப் போகும்போது அணிய வேறொன்று வேண்டும்; தங்கைக்கு ஒன்று வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விடுதி வாசலில் ஐந்து அளவுகளுடன் வந்து நிற்கும் ஒருவருக்கு அங்கே இடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு, நேரில் ஒப்படைப்பு, சம்பளத் தேதியில் பணம் என்ற இந்தக் கலவையைச் சில பெண்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் இங்கே கருத வேண்டும். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் என்று சென்றது. அதில் பெரும்பகுதி அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமே போகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தம் பெயரில் தம் கணக்கில் பணம் வரும் ஐம்பது வயதுப் பெண், கணவரிடமோ மகனிடமோ கேட்காமல் 400 ரூபாய்ப் புடவையைத் தீர்மானிக்கும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. அவர் கூட்டத்தோடு கூட்டமாகச் செயலிக்குப் போய்விடவில்லை. இன்னும் பேசி வாங்கவே விரும்புகிறார். குழந்தைகளின் உடைகளைப் பொறுத்தவரை, பிறப்புகள் குறைந்துவரும் மாநிலத்தில் எண்ணிக்கையை நம்பி அத்துறையில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. ஒற்றைக் குழந்தைக்கு விழா நாளில் தாராளமாகச் செலவிடும் குடும்பங்களை மட்டும் நம்பலாம்.

மேலிருந்தும் ஒரு நெருக்கடி இருக்கிறது. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் நெசவாளரும் மொத்த வியாபாரிகளும் யூடியூப் காணொளிகள் வழியாகத் தாமே நாடெங்கும் விற்கிறார்கள். தறியின் பக்கத்தில் நின்று புடவையை விரித்துக் காட்டுபவருடன் படத்தை முன்னனுப்புபவர் போட்டியிட முடியாது. எனவே இளம்பிள்ளைப் புடவையையே விற்க நினைக்கும் மறுவிற்பனையாளர் அதை நூறு வகையில் காட்டுவதைவிட, தம் குழுவில் உள்ள நாற்பது பேருக்கு ஏற்ற ஆறு வகையைத் தேர்ந்தெடுத்து நேரில் வாங்கி வருவது மேல். ஈரோட்டுக் கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தைக்கு மாதம் ஒருமுறை போய்வரும் செலவு, திரும்பி வரும் பார்சல்களின் செலவைவிடக் குறைவு. ஆனால் இதற்குக் கைமுதல் வேண்டும். ‘முதலீடே வேண்டாம்’ என்று சொல்லித்தான் இப்பெண்களை இத்தொழிலுக்கு அழைத்தார்கள். முதலீடு இல்லாத தொழிலில் தமக்கென்று பிடிமானமும் இருக்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் தப்பிக்க முடியாது. படங்களை அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்களுக்கு இத்தொழிலில் இனி வருவாய் இல்லை. அந்த நேரத்தை வேறு வேலையில் செலவிடுவதே அவர்களுக்கு நல்லது. மாறத் துணிபவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு குறிப்பேடு வைப்பது. யார், வயது என்ன, என்ன அளவு, யார் பணம் தருகிறார், எந்தத் தேதியில் பணம் இருக்கும், எதைத் திருப்பினார், ஏன். வாடிக்கையாளரின் முகவரி செயலியிடம் இருக்கிறது. அவருக்கு இடது தோள் வலி என்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறிப்புகளைப் பிறரிடம் பகிராமல் காப்பதும் தொழிலின் ஒரு பகுதி. பெண்ணின் உடலளவு குழுவில் வெளிப்படையாகக் கேட்கப்பட வேண்டியது அன்று.

அரசின் பக்கம் வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு ஆகிவிட்டது. முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 விழுக்காடு. ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட, சற்றுத் தரமான உடையை விற்க நினைப்பவர்களுக்கு இது உதவும். கோவை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் 2022-இல் சோதனை முறையில் தொடங்கிய ஓஎன்டிசி என்னும் திறந்த வணிக வலையமைப்பும், மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்களுக்கான ‘மதி’ என்னும் வணிகப்பெயரும் இருக்கின்றன. இவற்றில் தனித்தனி மறுவிற்பனைப் பெண்களை இணைப்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து மொத்தக் கொள்முதல் செய்யக் குழுக் கடன் கொடுப்பது பயன் தரும். ஈரோட்டில் தனியாளாக இருபது புடவை கேட்பவருக்கு ஒரு விலை, பத்துப் பேராக இருநூறு கேட்பவர்களுக்கு வேறு விலை.

உடனடியாகத் தீர்க்கத்தக்க சிக்கல் வரிப் பதிவில்தான் இருக்கிறது. மின்வணிகத் தளத்தில் விற்கும் எவரும், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றிருந்த விதி 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள் விற்பவர் ஓர் அடையாள எண் மட்டும் பெற்றால் போதும். ஆனால் அவர் தம் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். வேலை தேடித் தமிழகக் குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறியிருக்கும் நகரம் பெங்களூர். தமிழ்ப் பேச்சை நம்பித் துணி வாங்கும் வாடிக்கையாளர்கள் அங்கே ஏராளம். சேலத்துப் பெண் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றாலும், அவருடைய புடவை ஓசூர்வரை பதிவு எண் இல்லாமல் போகலாம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் அத்திப்பள்ளியைக் கடந்துவிட்டால், பதிவும் கணக்குத் தாக்கல்களும் அவருக்கும் உண்டு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வெளிமாநில விற்பனைக்கு இந்தத் தளர்வை நீட்டித்தால் அரசு இழக்கும் வரி மிகச் சொற்பமே. அவர் கொள்முதல் செய்த இடத்திலேயே வரி கட்டப்பட்டுவிடுகிறது. வரி மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் தமிழக அரசு இதை முன்வைக்கலாம்.